பழைய இங்க் பேனாவைத் தினமும் எழுத வைப்பது: புதிதாக வருபவர்களுக்கு

பழைய இங்க் பேனா ஒன்று கைக்குக் கிடைத்தால் முதலில் என்ன செய்யத் தோன்றும்? மூடியைத் திறந்து, நிப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, உடனே மை ஊற்றி ஒரு கையெழுத்துப் போட்டுப் பார்க்கத் தோன்றும். அதை மட்டும் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். இருபது முப்பது வருடம் பீரோவில் கிடந்த பேனாவுக்குள் கடைசியாக ஊற்றிய மை காய்ந்து கட்டியாகியிருக்கும், ரப்பர் பை இருந்தால் அது இறுகி நொறுங்கும் நிலையில் இருக்கும், கழுத்து மரையோடு ஒட்டிப்போயிருக்கும். அவசரப்பட்டுத் திருகி உடைத்த பேனாக்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் பொறுத்திருந்தால் அவற்றில் பாதிக்கு மேல் இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கும், அதுதான் வருத்தம்.

என் சட்டைப்பையில் தினமும் இரண்டு பேனா இருக்கும். ஒன்று அப்பா வைத்திருந்த பார்க்கர் 51, இங்கிலாந்தில் செய்தது. இன்னொன்று பெயர் அழிந்துபோன ஒரு கறுப்பு எபோனைட் (இறுக்கிய ரப்பர்) பேனா, ஃபில்லரால் மை ஊற்றுகிற பழைய ரகம். நம் வீட்டுப் பெட்டிகளில் இருந்து கிளம்பும் பேனாக்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றின் உறவாகத்தான் இருக்கும், அதனால் இந்த இரண்டையும் வைத்தே சொல்கிறேன்.

கையில் இருப்பது எந்த வகை

நிப்பு இருக்கும் கழுத்துப் பகுதியைப் பிடித்துக்கொண்டு உடம்பை மெல்லத் திருகிப் பாருங்கள். திறந்ததும் உள்ளே ஒன்றுமில்லாமல் வெறும் குழாயாக இருந்தால் அது ஊற்றுப் பேனா, மையை அந்தக் குழாய்க்குள்ளேயே நேராக ஊற்றுவது. ராஜமுந்திரி ரத்னம், திருவள்ளூர் ரங்கா, சென்னை பாரிமுனை ஜெம் அண்ட் கோவின் காமா என்று நம் பக்கத்துக் கையால் கடைந்த பேனாக்களில் இந்த வகை நிறைய. இதில் கெட்டுப்போக எதுவும் இல்லை, புதியவர்களுக்கு இதைவிட நல்ல பேனாவும் இல்லை.

திறந்ததும் உலோகக் கூட்டுக்குள் ஒரு பையும், அமுக்குவதற்கு ஒரு பட்டையும் தெரிந்தால் அது அமுக்கும் வகை. பார்க்கர் 51 விற்பனைக்கு வந்தது 1941இல், ஆனால் இந்த அமுக்கும் அமைப்பு அதில் வந்தது 1948இல். அந்தப் பை ரப்பர் அல்ல, ஒருவகை பிளாஸ்டிக். எழுபது வருடம் ஆன பிறகும் பெரும்பாலான பேனாக்களில் அந்தப் பை அப்படியே வேலை செய்கிறது. ஹீரோ 616 போன்ற சீனப் பேனாக்களும் இதே ஜாடையில் செய்தவைதான்.

உடம்பின் பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோல் இருந்தால் கவனம். உள்ளே ரப்பர் பை இருக்கும், அது நிச்சயமாக இறுகியிருக்கும். நெம்புகோலைத் தூக்கிப் பார்க்கவே பார்க்காதீர்கள், பை இறுகியிருந்தால் நெம்புகோல் உடையும் அல்லது உடம்பு வெடிக்கும். அதைப் பேனா ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுத்துப் பை மாற்றுவதுதான் சரி. பின்பக்கக் குமிழைத் திருகி மை இழுக்கும் பழைய பெலிக்கான் போன்றவையும் அப்படித்தான், குமிழ் சுலபமாகத் திரும்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

இன்னும் பேனா கிடைக்கவில்லை, வாங்கத்தான் போகிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பளபளப்புக்குப் பணம் கொடுக்காதீர்கள், பெயர் பொறித்த பேனா, லேசாகக் கீறல் விழுந்த பேனா இவைதான் விலை குறைவாகவும் எழுதுவதற்கு நன்றாகவும் இருக்கும். நிப்பின் முனையில் அந்தச் சின்ன உருண்டை முழுதாக இருக்கிறதா, உடம்பில் முடியளவு விரிசல் ஏதாவது இருக்கிறதா, இந்த இரண்டை மட்டும் பார்த்தால் போதும். 1960இல் வந்த பார்க்கர் 45 ஆரம்பிக்கிறவர்களுக்கு அருமையான பேனா, நிப்புப் பகுதியையே கழற்றிக் கழுவலாம்.

கழுவுவது

தண்ணீர், பொறுமை. அவ்வளவுதான். வெந்நீர் வேண்டாம், ஸ்பிரிட் வேண்டாம், நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். ஒருமுறை ஒரு கடையில் செல்லுலாய்ட் என்ற பழைய வகை பிளாஸ்டிக்கில் செய்த பேனா ஒன்றைக் கழுவக் கொடுத்தேன், அங்கே ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் மூடியைத் துடைத்துவிட்டார்கள். செல்லுலாய்ட் ஸ்பிரிட்டில் கரையும். அந்த முத்துப் பளபளப்பு போன இடம் போனதுதான், இன்றும் அந்த மூடி மங்கலாகத்தான் இருக்கிறது.

அமுக்கும் வகை என்றால், ஒரு டம்ளர் சாதாரணத் தண்ணீரில் நிப்பை மட்டும் முக்கி, பட்டையை அமுக்கி விடுங்கள். முதலில் நீலமாகக் கொட்டும். தண்ணீரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பார்க்கர் 51இல் ஒரு விஷயம், நிப்பை மூடியிருக்கும் அந்த உறைக்குள் மெல்லிய செதில்கள் வரிசையாக இருக்கும் ஒரு பகுதி இருக்கிறது, மிச்ச மையைத் தேக்கி வைத்துக்கொள்வது அதுதான். அதனால் தண்ணீர் தெளிந்துவிட்டது என்று நினைத்து வைத்தால் மறுநாள் காலையில் மறுபடி நீலமாக வரும். எனக்கு அப்பாவின் பேனா முழுதாகத் தெளிய நான்கு நாள் ஆனது. மூன்றாவது நாள் ராத்திரி நிப்பைக் கீழே பார்க்க வைத்து, மடித்த டிஷ்யூ காகிதத்தின் மேல் டம்ளருக்குள் நிறுத்தினேன், காலையில் அந்தக் காகிதத்தில் ஒரு ரூபாய் அளவுக்குக் கருநீல வட்டம், அதைச் சுற்றி மெல்லிய ஊதா விளிம்பு. அப்பா எந்த வருடம் கடைசியாக நிரப்பிய மையோ தெரியாது. அந்தக் காகிதத்தைக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன்.

ஊற்றுப் பேனா என்றால் கழுத்தைத் தனியாகக் கழற்றி, குழந்தைகளுக்கு மூக்குச் சளி உறிஞ்சும் ரப்பர் பல்பு மருந்துக்கடையில் கிடைக்கும், அதில் தண்ணீர் பிடித்துப் பின்பக்கமாக அழுத்துங்கள், தண்ணீர் நிப்பு வழியாகப் பீறிட்டு வரும். கட்டிப்போன மை கரையவில்லை என்றால் ஒரு கிண்ணம் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு அதே மாதிரி செய்து, பிறகு நல்ல தண்ணீரில் அலசிவிடலாம்.

எபோனைட்டை மட்டும் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். எபோனைட் என்பது ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி இறுக்கியது, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் லேசாக அந்தக் கந்தக வாடை வரும். பல வருடம் வெளிச்சம் பட்ட எபோனைட் ஒரு ராத்திரி தண்ணீரில் கிடந்தால் நிறம் மாறிவிடும். எனக்கு இது தெரியாமல் கறுப்புப் பேனாவை முழுசாக முக்கி வைத்து, காலையில் அது காப்பிப்பொடி நிறத்தில் கிடந்தது. எழுதுவதற்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் அந்தக் கறுப்பு திரும்பவில்லை. கழுத்து ஒட்டிக்கொண்டு திறக்க வராவிட்டால், மரை இருக்கும் இடத்தில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் கழித்து, இரண்டு கையிலும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு திருகுங்கள். இடுக்கி எடுக்கக் கூடாது.

மை

பழைய பேனாவை வாழவைப்பதும் சாகடிப்பதும் மைதான், அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசலாம்.

சாதாரண நீலம், ராயல் ப்ளூ என்று பெயர் போட்டு வருகிறதே, அதில் ஆரம்பியுங்கள். கேம்லின், பிரில், குயின்க், கல்கத்தாவின் சுலேகா, வாட்டர்மேன், பெலிக்கான் 4001 இவற்றில் எந்த நீலமும் பரவாயில்லை. விலை அதிகமான மை பழைய பேனாவுக்கு நல்லது என்று ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் நம் ஊர் மைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு: கேம்லின் 1931இல் மைப்பொடி விற்று ஆரம்பித்த கம்பெனி, சுலேகா 1934இல் சுதேசி இயக்கத்தின் வேகத்தில் பிறந்தது. நம் தாத்தாக்களின் பேனாக்களில் ஓடியது இந்த மாதிரி எளிய சாய மைதான்.

கழுவினால் போய்விடுமா என்பது ஒன்றுதான் கேள்வி. காகிதத்தில் தண்ணீர் பட்டால் கலையும் மை, பேனாவுக்குள்ளும் தண்ணீர் பட்டால் கலையும். காகிதத்தில் அழியாமல் நிற்கும் மை பேனாவுக்குள் காய்ந்தாலும் அழியாது. பத்திரம், செக் எழுத அழியாத மைதான் வேண்டும் என்றால் அதற்கு ஒரு சாதாரணப் புதுப் பேனாவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், பழைய பேனாவை அதில் இழுக்காதீர்கள்.

வரைவதற்கான டிராயிங் இங்க் அல்லது இந்தியன் இங்க் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக் கூடாது. அதில் அரக்கு மாதிரி ஒட்டும் பொருள் இருக்கும், காய்ந்தால் பேனா அதோடு முடிந்தது. ஸ்டாம்ப் பேட் மை, பிரிண்டர் மை இதெல்லாமும் அப்படித்தான். மினுமினுப்புத் தூள் கலந்து இப்போது அழகழகாக வருகிறதே, அதன் துகள் பழைய பேனாவின் மெல்லிய வழிகளில் தங்கிவிடும். சிவப்பும் ஊதாவும் ஆபத்தில்லை, ஆனால் கண்ணாடி மாதிரி இருக்கும் பையிலும் வெளிர் நிற உடம்பிலும் கறை பிடிக்கும், பிடித்தால் போகாது.

ப்ளூ பிளாக் விஷயம் தனி. பெலிக்கான் 4001 ப்ளூ பிளாக் மாதிரி சில மைகள் இரும்பு உப்பும் டானின் அமிலமும் சேர்ந்தவை, எழுதும்போது நீலமாக இருந்து காகிதத்தில் காற்றுப்பட்டுக் கறுக்கும். நம் ஊரில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் காய்ச்சிய மையும் இதே வேதியியல்தான். தங்க நிப்பு அந்த அமிலத்தைத் தாங்கும், பழைய இரும்பு நிப்பு தாங்காது, அரித்துவிடும். தங்க நிப்பாக இருந்தாலும் அதை ஊற்றினால் மாதம் ஒருமுறையாவது கழுவ வேண்டும். பார்க்கரே ஒரு காலத்தில் 51க்கு என்று சூப்பர்குரோம் என்ற மையை விற்றது, சீக்கிரம் காய வேண்டும் என்பதற்காகக் காரத்தன்மையைக் கூட்டிச் செய்தது, அது பேனாவின் உட்பகுதிகளையே கெடுத்தது. பழைய சாமான் கடையில் அந்தப் பாட்டில் அழகாகக் கிடைக்கும். அலமாரியில் வையுங்கள், ஊற்றாதீர்கள்.

பழைய மை பாட்டில் எதுவாக இருந்தாலும் மூடி திறந்து முகர்ந்து பாருங்கள். பாசி பிடித்த வாடை வந்தாலோ, மேலே ஆடை மாதிரி ஏதாவது மிதந்தாலோ, அடியில் சகதி தங்கியிருந்தாலோ கொட்டிவிடுங்கள், பூஞ்சை ஒரு பேனாவில் இருந்து அடுத்த பாட்டிலுக்கும் பரவும். அப்புறம், இரண்டு கம்பெனி மைகளைக் கலக்க வேண்டாம். மை மாற்றும்போது நடுவில் ஒரு கழுவல் கட்டாயம்.

நிரப்புவது

அமுக்கும் பேனாவில் நிப்பு முழுவதும் மையில் முங்க வேண்டும். அமுக்குங்கள், விடுங்கள், மனதுக்குள் மூன்று எண்ணுங்கள், மறுபடி அமுக்குங்கள். ஐந்தாறு தடவை. பையின் உள்ளே மெல்லிய குழாய் ஒன்று மேல்வரை போகிறது. ஒவ்வொரு அமுக்குக்கும் காற்று அதன் வழியாக வெளியேறி, விடும்போது மை ஏறும், இடையில் நிப்பைத் தூக்கினால் காற்றுதான் ஏறும். குமிழி வருவது நின்றால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். பிறகு பழைய பருத்தித் துணியால் கழுத்தைத் துடையுங்கள்.

ஊற்றுப் பேனாவில் ஃபில்லரால் மை விட்டு, மரை தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்துங்கள். மரையில் சிலிக்கோன் கிரீஸ் கடுகளவு தடவி மூடினால் கசியாது. வாசலின் தடவும் பழக்கம் உண்டு, ரப்பர் இருக்கும் பேனாவில் அது ரப்பரைக் கெடுக்கும் என்பதால் நான் எதிலும் தடவுவதில்லை. மூடிய பிறகு நிப்பைக் கீழே பார்க்க ஒரு நிமிடம் பிடித்தால் மை இறங்கும். உதறக் கூடாது, பள்ளிக்கூடத்தில் முன் பெஞ்சுச் சட்டையெல்லாம் நீலமானது அந்த உதறலில்தான்.

ஊற்றுப் பேனா திடீரென்று ஒரு பெரிய சொட்டு விடுகிறது என்பது எல்லாருடைய புகார். காரணம் எளிது. மை குறையக் குறைய உள்ளே காற்று கூடுகிறது, கையின் சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளுகிறது. மே மாத வெயிலில் வெளியே இருந்து வந்து உட்கார்ந்தவுடன் எழுத ஆரம்பித்தால் நிச்சயம் நடக்கும். பாதிக்குக் கீழே போக விடாமல் நிரப்பிவிடுங்கள், எழுதும் முன் பேனாவை நிப்பு மேலே பார்க்க அரை நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள், அந்தக் காற்று மையைத் தள்ளாமல் தானாக வெளியேறிவிடும்.

எழுதும் கை

பால்பாயிண்ட் பழகிய கைக்கு அழுத்தாமல் எழுதுவதுதான் கஷ்டம். இங்க் பேனா தன் எடையிலேயே எழுத வேண்டும். தமிழ் எழுதும்போது இன்னொன்று உண்டு, இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகவே கவனித்தது: நாம் புள்ளி வைக்கும்போது குத்துகிறோம். "கண்ணன்" என்று ஒரு சொல்லிலேயே இரண்டு குத்து. ஒரு பக்கத்தில் நூற்றுக்கு மேல் புள்ளி வரும், அத்தனை தடவை குத்தினால் பழைய தங்க நிப்பின் இரண்டு பல்லும் விலகிவிடும். புள்ளியை வையுங்கள், தொட்டு எடுப்பது போல. ஒரு வாரத்தில் பழகிவிடும்.

நிப்பின் பருமனும் நம் எழுத்துக்கு முக்கியம். பட்டையான நிப்பில் ண, ஞ, ஜ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக் கறுப்புப் பொட்டாகிவிடும். கோடு போட்ட நோட்டில் எழுதுகிறவர்களுக்கு மெல்லிய நிப்பு, இல்லாவிட்டால் நடுத்தரம். பேனா வாங்கும்போது வட்டம் போட்டுப் பார்ப்பதற்குப் பதில் "இளைஞன்" என்று எழுதிப் பாருங்கள், சுழிகளுக்குள் வெள்ளை தெரிந்தால் அது உங்கள் பேனா.

கீறுகிறது என்றால், வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் மாட்டுவது போன்ற லென்ஸில் நிப்பை நேராகப் பாருங்கள். பத்தில் எட்டுத் தடவை ஒரு பல் இன்னொன்றைவிட முடியளவு உயர்ந்திருக்கும். உயர்ந்த பல்லை நகத்தால் மெல்லக் கீழே அழுத்தி விட்டு, மறுபடி பாருங்கள், மறுபடி அழுத்துங்கள். சிமெண்ட் தரையில் தேய்ப்பது, நடுவில் பிளேடு விட்டு இழுப்பது எல்லாம் பள்ளிக்கூட வைத்தியம். ஐந்து ரூபாய் நிப்புக்கு அது சரி, மாற்று கிடைக்காத நிப்புக்கு அது வேண்டாம். மை வராமல் விட்டுவிட்டு எழுதினால் பெரும்பாலும் உள்ளே அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம், மறுபடி கழுவினாலே போதும்.

காகிதம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. மை பரவி நரம்பு மாதிரி ஓடினால் காகிதம் சரியில்லை, பேனாவில் குறையில்லை. விலை உயர்ந்த நோட்டு வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, கரும்புச் சக்கைக் கூழில் செய்த சாதாரண நோட்டுகளில் என் இரண்டு பேனாவும் சுத்தமாக எழுதுகின்றன. கடைக்குப் போகும்போது பேனாவைக் கொண்டுபோய்க் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதிப் பார்க்கக் கேளுங்கள்.

தினசரி

தினமும் எழுதும் பேனா கெடாது. பத்து நாள் சும்மா கிடக்கும் பேனாதான் கெடும். அதனால் ஒரே நேரத்தில் இரண்டு பேனாவுக்கு மேல் மை ஊற்றாதீர்கள், எத்தனை பேனா சேர்த்திருந்தாலும் சரி. காலையில் பால் கணக்கு, அன்றைய வேலைப் பட்டியல் என்று நான்கு வரியாவது எழுதினால் போதும். பார்க்கர் 51க்கு நிப்பு மூடியே இருப்பதால் மூடி திறந்து சில நிமிடம் யோசித்தாலும் எழுதும், திறந்த நிப்புப் பேனாக்கள் அவ்வளவு பொறுக்காது, யோசிக்கும்போது மூடி வையுங்கள்.

சட்டைப்பையில் நிப்பு மேலே பார்க்கத்தான் இருக்க வேண்டும். பைக் டாங்க் கவரிலோ வெயிலில் நிற்கும் காரிலோ விட்டுவிட்டுப் போகாதீர்கள், செல்லுலாய்டும் பழைய பிளாஸ்டிக்கும் சூட்டில் வளையும். விமானத்தில் போகிறவர்கள் பேனாவை முழுசாக நிரப்பியோ முழுசாகக் காலி செய்தோ கொண்டுபோங்கள், பாதி மை இருந்தால்தான் மேலே போனதும் வழியும். மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து உட்கார்ந்தால் இரண்டு பேனாவுக்கும் பத்து நிமிட வேலை.

இத்தனையும் செய்த பிறகும் ஒழுகினால் ரிப்பேருக்குக் கொடுங்கள், ஆனால் மையைக் காலி செய்து, கழுவி, காயவைத்துக் கொடுங்கள். கொடுக்கும்போதே மெருகு போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மெஷினில் மெருகு ஏற்றினால் உடம்பில் பொறித்த எழுத்து தேய்ந்துபோகும், என் கறுப்புப் பேனாவின் பெயர் அப்படித்தான் அழிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். விளக்கை ஓரமாகச் சாய்த்துப் பிடித்தால் அதில் இன்னும் ஒரே ஒரு எழுத்தின் வால் மட்டும் தெரிகிறது.